கைக்குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் இருக்கும் வீட்டில் ரிப்பேர் வேலை: இருந்தே செய்யலாமா, வெளியே போகணுமா?

கேள்வி இது: சுமார் 30 வருடம் பழைய வீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். நாலு வயதில் ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு பெண். கீழே சமையலறையையும் பாத்ரூமையும் உடைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும், வீடு முழுக்க ஒயரிங் மாற்ற வேண்டும், கடைசியில் முழு வீட்டுக்கும் பெயிண்ட். இரண்டு மாதம் வாடகை வீடு பார்ப்பதா, இங்கேயே இருந்து சமாளிப்பதா? எப்போது ஆரம்பிப்பது?

இங்கேயே இருக்கலாம். ஆனால் எல்லா நாளும் முடியாது. இப்படிப்பட்ட வேலையில் பெரும்பாலான நாட்கள் குழந்தைகளுக்குத் தொந்தரவான நாட்கள்தான், ஆபத்தான நாட்கள் கிடையாது. உண்மையாகவே ஆபத்தானவை சுமார் 12 முதல் 14 நாட்கள். உடைக்கும் நாள், ஒயரிங்குக்குச் சுவரில் காடி வெட்டும் நாள், பழைய பெயிண்டைச் சுரண்டும் நாள், சுவரைச் சமமாக்கப் பூசிய பட்டியைத் தேய்க்கும் நாள், கார்பெண்டர் பசையும் பாலிஷும் போடும் நாள். அந்த நாட்களில் மட்டும் குழந்தைகள் வீட்டில் இருக்கவே கூடாது. பாட்டி வீடு, பக்கத்து வீடு, ஒரு வாரத்துக்கு ஒரு ரூம், எதுவானாலும் சரி. இரண்டு மாத வாடகைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த நாட்களுக்குச் செலவழித்தால் போதும். மேஸ்திரியிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாளில் முடிப்பீங்க" என்பதற்கு முன்னால், "தூசு கிளம்புற வேலை எந்தெந்தத் தேதி, அதையெல்லாம் சேர்த்து வைக்க முடியுமா" என்பதுதான். சேர்த்து வைக்கப் பெரும்பாலும் முடியும். யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்கள் அறை அறையாக, தோன்றியபடி செய்கிறார்கள். தூசு நாட்கள் இரண்டு மாதம் முழுக்கச் சிதறிப் போகின்றன.

மாடி இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. முதலில் மாடி வேலையை எடுங்கள். மாடியில் காடி வெட்டி, பைப்பும் பெட்டியும் பதித்து, பூசி மூடி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமரும் முதல் கோட்டும் அடித்துவிடட்டும். சுமார் 12 நாள் ஆகும். அதுவரை குடும்பம் கீழே. பிறகு குடும்பம் மேலே ஏறிவிட வேண்டும், கீழ்த்தளம் முழுவதும் வேலைக்காரர்கள் கையில். அது நாலு முதல் ஐந்து வாரம். இரண்டு தளத்துக்கும் கடைசி கோட் எல்லாம் முடிந்த பிறகு. மேலே புழங்கும் நிலையில் இன்னொரு பாத்ரூம் இருந்தால்தான் இது சாத்தியம். ஒரே பாத்ரூம் உள்ள வீடாக இருந்தால் நான் வாடகை வீட்டுக்கே போகச் சொல்லியிருப்பேன். சின்னக் குழந்தைகளோடு பாத்ரூம் இல்லாத ஒரு வாரம் யாராலும் முடியாது.

மாடிப்படி வழியாகத்தான் தூசு மேலே ஏறும். படியின் தலைப்பில் 150 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் ஷீட்டை மேலே கூரையோடும் இரு பக்கச் சுவரோடும் டேப் போட்டு ஒட்டுங்கள். நடுவில் நெடுக ஒரு கீறல் போட்டு, அதன் மேல் இன்னொரு ஷீட்டை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே போய் வந்தாலும் அது தானாக மூடிக்கொள்ளும். மெல்லிய பெயிண்டர் ஷீட் இரண்டே நாளில் கிழியும். ஷீட்டுக்குப் பின்னால், படித்தலைப்பில், இரண்டரை அடி உயர பிளைவுட் கதவு ஒன்றை கார்பெண்டரை வைத்து அடித்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை ஷீட்டைத் தள்ளிக்கொண்டு படியில் உருள ஐந்து நொடி போதும். ஷீட் தூசுக்கு, கதவு குழந்தைக்கு. இரண்டும் வேண்டும்.

கீழே வேலை நடக்கும் அறையின் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோ பழைய டேபிள் ஃபேனோ வெளிப்பக்கம் பார்த்து ஓடட்டும். தூசு வீட்டுக்குள் பரவாமல் தெருப்பக்கம் இழுக்கப்படும். அந்தப் பக்கம் திறக்கும் மாடி ஜன்னலைச் சாத்தி வைக்கவும். வேலை அறையில் சீலிங் ஃபேனும் ஏசியும் ஓடக் கூடாது. ஸ்பிளிட் ஏசியின் உள் யூனிட்டை ஷீட்டால் சுற்றி டேப் போடாவிட்டால், பட்டித் தூசு அதன் சிறகுகளுக்குள் போய் உட்கார்ந்து, வேலை முடிந்து பல மாதம் கழித்தும் குழந்தைகள் தூங்கும் அறையில் கொஞ்சம் கொஞ்சமாக விழும்.

டைல்ஸ், கிரானைட் வெட்டுவதை எப்போதும் வெளியே, தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். உலர்வாக வெட்டினால் வரும் வெண்புகையில் சிலிக்கா என்ற நுண்ணிய கல் தூசு இருக்கும். அது நுரையீரலில் தங்கிவிடும். குழந்தைகளுக்கு மட்டுமில்லை, வெட்டுகிற ஆளுக்கும்தான். அவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுப்பது உங்கள் செலவாகவே இருக்கட்டும்.

பழைய பெயிண்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை முழுவதிலும் குழந்தைகளுக்கு நிரந்தரமான கெடுதல் செய்யக்கூடியவற்றில் முக்கியமானது இது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. உங்கள் வீடு அதற்கு வெகு முந்தையது. சுவரில் அடித்த சுண்ணாம்பு, டிஸ்டம்பரைவிட, கதவு, ஜன்னல், கிரில், கைப்பிடிகளில் அடித்த எனாமல் பெயிண்ட்தான் சந்தேகத்துக்குரியது. மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அடர் நிறங்களில் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆறு வயதுக்குள் மூளை வளரும் காலத்தில் ஈயம் உடலில் சேர்ந்தால் கவனம், கற்கும் திறன், நடத்தை எல்லாம் பாதிக்கப்படும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. தவழும் குழந்தை தரையில் கை வைக்கும், அந்தக் கை நேராக வாய்க்குப் போகும். சுரண்டிய தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு தரையில் இருந்தாலே போதும்.

அதனால் பெயிண்டரிடம் கறாராகச் சொல்ல வேண்டியவை உண்டு. பழைய எனாமல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் லேசாக மினுமினுப்பைப் போக்கி, துடைத்து, அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம். உரிந்து வரும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும். கீழே ஷீட் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டி வெளியே போட வேண்டும். புளோ லேம்பால் எரித்து உரிப்பதும், உலர்வாக மெஷின் போட்டுத் தேய்ப்பதும் கூடவே கூடாது. எரித்தால் ஈயம் புகையாகவே வரும். "எத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம்" என்று பெயிண்டர் சொல்வார். ஈரமாகச் செய்தால் நேரம் கூடுதல் என்பதே அவருடைய உண்மையான கவலை. அதற்கு ஒரு நாள் கூலி சேர்த்துத் தருவதாக முன்பே பேசிவிட்டால் பிரச்சினை தீரும். கழற்ற முடிந்த ஜன்னல் கதவுகளைக் கழற்றி வெளியே வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

உங்கள் குழந்தைகளில் யாருக்காவது மண் தின்னும் பழக்கமோ, சுவரைச் சுரண்டி வாயில் போடும் பழக்கமோ இருந்தால், வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். வேலை முடிந்த பிறகு சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

பட்டி தேய்ப்பது அடுத்தது. இரண்டு கோட் பட்டி போட்டுக் காய்ந்ததும் உப்புத்தாள் போடும் நாளில் வீடு முழுக்க வெள்ளையாகிவிடும். பட்டியும் வெள்ளை சிமெண்ட் அடிப்படையில் ஆனதுதான். கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். வீசிங் உள்ள குழந்தைக்கு அன்றே இளைப்பு வந்துவிடும். ஒரு தளத்தின் எல்லா அறைகளையும் அடுத்தடுத்த இரண்டு நாளில் தேய்த்து முடிக்கச் சொல்லுங்கள். வேக்குவம் இணைத்த தேய்க்கும் மெஷின் வைத்திருக்கும் பெயிண்டர் கிடைத்தால் தூசு வெகுவாகக் குறையும். கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

சுத்தம் செய்யும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலைக்காரர்கள் போனதும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவது, அடங்கிய தூசை மறுபடி கிளப்பி மூக்கு உயரத்துக்குக் கொண்டுவருவது. சாதாரண வீட்டு வேக்குவமும் நுண்ணிய தூளைப் பின்பக்கம் வழியாக ஊதிவிடும். தூசு அடங்க ஒரு மணி நேரமாவது விடுங்கள். பெரிய துண்டுகளைத் தண்ணீர் தெளித்து வாரி எடுத்துவிட்டு, ஈர மாப் போடுங்கள். இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசும் தண்ணீர். ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஜன்னல் விளிம்பு, படிக் கைப்பிடி, சுவிட்ச் பலகை, குழந்தை கை வைக்கிற உயரத்தில் உள்ள எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இரண்டு முறை. பிறகு வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

கவிழ்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளியில் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும், சத்தமும் வராது. கட்டட வேலை நடக்கும் வீட்டில் எந்த நேரமும் நாலைந்து வாளி, இரண்டு டிரம், டைல்ஸ் ஊறப்போட்ட தொட்டி என்று தண்ணீர் நிற்கும். இதைவிட மோசமானது சம்ப், அதாவது தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி. கலவைக்குத் தண்ணீர் மொள்ளுவதற்காக மூடியைத் திறந்து, காலை முதல் மாலை வரை அப்படியே போட்டுவிடுவார்கள். சம்பைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டு வெளியே மூடியுள்ள ஒரு டிரம்மில் நிரப்பிக் கொடுங்கள். வேலைக்குத் தேவையான தண்ணீர் அந்த டிரம்மிலிருந்து மட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தேங்கும் தண்ணீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. க்யூரிங்குக்காக, அதாவது சிமெண்ட் வேலை இறுகுவதற்காக, கட்டிய தண்ணீரும் மூடாத டிரம்மும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறையாவது முழுக்க வடித்து, தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் சோதிக்கத் தண்ணீர் கட்டுவது 24 முதல் 48 மணி நேரம்தான், அதில் கொசு பயம் இல்லை. அந்தச் சோதனையை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் மறுபடி உடைக்கும் நாள், மறுபடி தூசு நாள்.

பாத்ரூமை உடைத்ததும் தரை ஓர் அடிக் குழியாக இருக்கும், கதவும் இருக்காது. வாசலை மூன்றடி பிளைவுட்டால் அடைத்து வைக்கவும். திறந்து கிடக்கும் நாலு அங்குலப் பைப் வாய்களை எண்ட் கேப் போட்டு மூடச் சொல்லுங்கள். சாக்குத் துணியைத் திணித்து வைப்பதுதான் வழக்கம். நாலு வயதுப் பையன் அந்தத் துணியை எடுத்துவிட்டுக் கார் பொம்மையை உள்ளே விட்டால், டைல்ஸ் ஒட்டி முடித்துத் தண்ணீர் ஊற்றும் நாளில்தான் தெரியும். கேப்பின் விலை சொற்பம், அடைப்பு எடுக்க உடைக்கும் செலவு ஆயிரக்கணக்கில்.

மின்சாரம். ஒயரிங்கைத் தொடுவதற்கு முன்பே, முதல் நாளே, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றை மெயின் போர்டில் போட்டுவிடுங்கள். எப்படியும் புதிய ஒயரிங்கில் அது வரப்போகிறது, முன்கூட்டியே போட்டால் வேலை நடக்கும் நாட்களிலும் காக்கும். கட்டர், பிரேக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே தற்காலிக போர்டு, ஐந்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டியது. பிளக் இல்லாத ஒயரைத் தீக்குச்சி சொருகி சாக்கெட்டில் நிறுத்தும் பழக்கத்தை முதல் தடவை பார்த்தவுடனே நிறுத்துங்கள். மூடாத சுவிட்ச் பெட்டிகளில் ஒயர் நுனிகள் வெளியே நீண்டிருக்கும். இணைப்புக் கொடுக்காதவையே ஆனாலும் ஒவ்வொன்றின் நுனியிலும் டேப் சுற்றி, பெட்டியை அட்டையால் மூடி டேப் போட வேண்டும். எந்தப் பெட்டிக்கு எப்போது மின்சாரம் வரும் என்று உங்களுக்குத் தெரியாது, எலக்ட்ரீசியனுக்கும் சில சமயம் நினைவிருக்காது. புதிய சாக்கெட்டுகள் ஷட்டர் உள்ளவையாக, அதாவது பிளக் இல்லாதபோது துளைகள் உள்ளே மூடியிருப்பவையாக, வாங்குங்கள்.

மேலே தற்காலிகச் சமையலறை அமைக்கும்போது இண்டக்ஷன் அடுப்பு வைப்பவர்கள் செய்யும் தவறு, அதைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுவது. 2000 வாட் அடுப்புக்கு சுமார் ஒன்பது ஆம்பியர் வேண்டும். 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது சுமார் 1400 வாட்தான். போர்டு உருகும். மேலே ஒயரிங் மாற்றும்போதே ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட்டை அந்த இடத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள், பின்னால் இஸ்திரிக்கோ கீசருக்கோ உதவும். கேஸ் அடுப்பையே மேலே கொண்டுபோவதானால், சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், காற்றோட்டமுள்ள இடமாக இருக்க வேண்டும். படுக்கையறை கூடாது. கேஸ் டியூப் ஐந்து வருடத்துக்கு மேல் பழையதானால் இதுதான் மாற்ற நேரம். குக்கரில் ஒரே பானையில் ஆகும் சமையலாகத் திட்டமிடுங்கள்: சாம்பார் சாதம், பருப்பு சாதம், கிச்சடி, வெண்பொங்கல். இட்லி மாவு இந்த ஒரு மாதத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பாத்திரம் கழுவத் தனி டப், தனி ஸ்பான்ச். பாத்ரூமில் குழந்தை கால் கழுவும் இடத்தில் பால் பாட்டிலைக் கழுவ வேண்டாம்.

இப்போது பாட்டில்கள். பெயிண்டர்கள் டர்பண்டைனையும் தின்னரையும் பழைய குளிர்பான பாட்டிலில் கொண்டு வருவார்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டும் அப்படித்தான் வரும். சின்னப் பிள்ளைக்கு அது ஜூஸ். வேலைக்காரர்கள் வந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எந்த ரசாயனமும் கடையில் வாங்கிய டப்பாவில் மட்டும், மாலையில் எல்லாம் ஒரு பூட்டிய பெட்டிக்குள். மீறி குழந்தை தின்னர், டர்பண்டைன், மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எதுவும் வேண்டாம். வாந்தியில் அது நுரையீரலுக்குள் போனால்தான் உயிருக்கு ஆபத்து. அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற இலவச எண்ணில் இருக்கிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்க யாரையும் விடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

சிமெண்ட், சுண்ணாம்பு இரண்டும் கடுமையான காரம். ஈரச் சிமெண்டில் கை வைத்த குழந்தைக்கு அப்போது வலிக்காது, சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்திருக்கும். பார்த்தவுடன் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 15 முதல் 20 நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு நேராகக் கண் மருத்துவமனை. முதலில் கழுவல், பிறகுதான் ஆட்டோ தேடுவது. சுண்ணாம்பு கண்ணில் பட்டுப் பார்வை போன குழந்தைகள் நம் ஊரில் உண்டு.

பலருக்குத் தோன்றாத ஆபத்து ஒன்று: சாய்த்து வைத்த பொருட்கள். 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 54 கிலோ. ஆறடிக்கு இரண்டடி பலகை 60 கிலோ வரும். அதைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். குழந்தை பிடித்துத் தொங்கினால் போதும். ஜன்னல் கிரில்லோடு கயிறு போட்டுக் கட்டாமல் எந்தப் பலகையும் நிற்கக் கூடாது. கழற்றிய கதவுகளுக்கும் இதே விதி. சுவரை விட்டு நகர்த்திய பீரோவும், பிளாஸ்டிக் நாற்காலி மேல் தற்காலிகமாக வைத்த டிவியும் அப்படியே. டிவியைக் கட்டிலில் படுக்க வைத்துவிடுங்கள், ஒரு மாதம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

வெளியே இறக்கிய மணல், எம்-சாண்ட் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பூனையும் நாயும் அங்கேதான் அசுத்தம் செய்யும், வெறுங்காலோடு விளையாடும் குழந்தைக்குப் புழுத் தொற்று வரும். பையனுக்கு மணல் விளையாட்டு ஆசை என்றால் சலித்த மணலில் நாலு சட்டி ஒரு டப்பில் எடுத்து மாடியில் தனியாகக் கொடுங்கள். லோடு இறங்கும் நேரம் கேட் திறந்திருக்கும், லாரி பின்னால் வரும், வீட்டுப் பெரியவர் செங்கல் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் குழந்தைகள் மாடியில், கதவு தாழிட்டு இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற வீட்டில்தான் யாரும் பார்க்காமல் விடுகிறார்கள். அதனால் மணிக்கணக்கு வைத்துப் பெயர் சொல்லி ஒப்படைப்பது நல்லது: "11 மணி வரைக்கும் அத்தை, அதுக்கப்புறம் நான்."

வேலையின் நேரத்தைக் குழந்தையின் நேரத்தோடு பொருத்தலாம். பையன் பள்ளிக்குப் போயிருக்கும் 9:30 முதல் 12:30 வரை சத்தமான வேலை. சித்தாள், கொத்தனார் சாப்பிட உட்காரும் ஒரு மணிக்குச் சின்னவளைத் தூங்க வையுங்கள், அது இயல்பாகவே அமைதியான நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி வரை டைல்ஸ் ஒட்டுவது, பட்டி பூசுவது, கலவை போடுவது போன்ற சத்தமில்லாத வேலைகளை வைத்துக்கொள்ளும்படி மேஸ்திரியிடம் கேளுங்கள். தினமும் என்று எதிர்பார்க்காதீர்கள், நாலில் மூன்று நாள் கிடைத்தாலே நல்லது. பிரேக்கர் ஓடும் நாளில் குழந்தை தூங்கும் என்று கணக்குப் போடவே வேண்டாம், அன்று வெளியே.

இந்த இரண்டு மாதத்தில் குழந்தையிடம் வேறு எந்தப் பழக்கத்தையும் மாற்ற முயல வேண்டாம். டயப்பர் நிறுத்துவது, தாய்ப்பால் மறக்கடிப்பது, தனியே படுக்க வைப்பது எல்லாம் பிறகு. படுக்கும் இடம் மாறினாலும் அதே பாய், அதே தலையணை, அதே போர்வை. நாலு வயதுக்காரனுக்கு உடைப்பதைப் பார்க்கும் ஆசை அடங்காது. தடுத்தால் திருட்டுத்தனமாகப் போவான். தினமும் மாலை வேலைக்காரர்கள் போய், கீழே சுத்தம் செய்த பிறகு, செருப்புப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுக் காட்டுங்கள். "இன்னிக்கு எந்த சுவர் புதுசா வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். மொட்டை மாடிச் சுவரில் பழைய பிரஷ்ஷும் தண்ணீரும் கொடுத்தால் அரை மணி நேரம் பெயிண்ட் அடிப்பான். அந்த மாலைச் சுற்று உறுதி என்று தெரிந்துவிட்டால் பகலில் அடம் குறையும்.

வேலைக்காரர்கள் கிளம்பும் முன் 15 நிமிட ஒழுங்கு ஒன்றை ஒப்பந்தத்திலேயே சேர்த்துப் பேசுங்கள், அதற்கும் கூலி உண்டு என்று தெளிவாகச் சொல்லி. எல்லா பிளக்கும் பிடுங்கி, கருவிகள் பெட்டிக்குள், தண்ணீர் கொட்டி, ஆணியும் டைல்ஸ் சில்லும் வாரி, படிக்கதவு தாழிட்டு. ஆணி, ஸ்க்ரூ பொறுக்க ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பழைய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் வரும். ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் செருகும் சின்ன பிளாஸ்டிக் ரவுல் பிளக் வராது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். சின்னவளின் தொண்டையில் சிக்கும் அளவு அதுதான். வேலைக்காரர்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்திருந்தால் அவர்கள் மாடி ஏறி வர வேண்டியிருக்காது, இந்த ஒழுங்கையும் மனதோடு செய்வார்கள்.

சமையலறை மர வேலையை முடிந்தவரை பட்டறையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்தச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து லேமினேட் ஒட்டினால் ரப்பர் பசையின் நெடி இரண்டு மூன்று நாள் நிற்கும். அது எளிதில் தீப்பிடிக்கும் ஆவி. இங்கேதான் நல்ல நாள் பார்க்கும் பழக்கம் சிக்கலாகிறது: வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று என்று, வியாழன் இரவு வரை கார்பெண்டர் பசை போட்டுக்கொண்டிருப்பார். பசை வேலை முடிந்து ஒரு வாரமாவது ஜன்னல் திறந்து வைத்த பிறகு வரும் நாளாகக் குறியுங்கள். எமல்ஷன் பெயிண்ட் குறைந்த வி.ஓ.சி. (காற்றில் கலக்கும் ரசாயன ஆவி) வகையாக இருந்தால் அடித்த அறையில் இரண்டு மூன்று நாள் காற்றோட்டத்துக்குப் பிறகு குழந்தைகள் படுக்கலாம். எனாமலும் மர பாலிஷும் போட்ட அறைக்கு ஒரு வாரம் விடுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டியும் பெயிண்டும் காயாது, ஜன்னலைத் திறக்கவும் முடியாது. பொங்கலுக்கு முன் பெயிண்டர் கிடைப்பதே கஷ்டம். தை பிறந்த பிறகு, ஜனவரி கடைசியில் ஆரம்பித்தால் வெயில் உறைப்பதற்குள் முடியும். பையனுக்குப் பள்ளியும் இருக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் வைப்பதானால், குழந்தைகள் அந்த இரண்டு மாதமும் பாட்டி வீட்டில்தான் என்று உறுதியாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

கீழ்த்தளத்தை மறுபடி குழந்தைகளுக்குத் திறந்துவிடும் முன் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஃபேன் இறக்கைகளின் மேல்பக்கம், அலமாரிகளின் தலை, திரைச்சீலை, ஏசி ஃபில்டர் எல்லாம் கழுவ வேண்டும். மேலிருந்து கீழாகத் துடைத்து, தரையைக் கடைசியில் இரண்டு தடவை. புதிய அலமாரிகள் சுவரோடு ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். புதிய பைப் லைனில் ஒவ்வொரு குழாயையும் பத்து நிமிடம் முழுதாகத் திறந்துவிட்டு, குழாய் வாயில் உள்ள சின்னச் சல்லடையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். சிமெண்ட் மணலும் பைப் வெட்டிய பிளாஸ்டிக் சீவலும் அதில்தான் வந்து நிற்கும். அலசி மாட்டிய பிறகு அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குப் புழங்கலாம்.